குப்பைத் தொட்டியில் ஒன்பது கோப்புகள்

தொண்ணூற்றொன்பதிலிருந்து மூன்று ஆண்டுகள், ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்காக ஒரு பகுதி எழுதினேன். வாரம் ஐந்து குறிப்புகள், மூன்று இணையதள முகவரிகள். கணினி மெதுவாக இயங்கினால் என்ன செய்வது, ஃபிளாப்பியை எப்படிப் பாதுகாப்பது, ரயில் நேரம் எந்தத் தளத்தில் இருக்கிறது, பரீட்சை முடிவை எங்கே பார்ப்பது. பெயர் போடமாட்டார்கள். எழுதுகிறவன் கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில், இரண்டு அறை கொண்ட ஓட்டு வீட்டில் இருக்கிறான் என்பது அலுவலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அதற்கு முன் அதே நாளிதழின் சேலம் அலுவலகத்தில் பதினாறு வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். இடையில் மணவாழ்க்கை முடிந்துபோனது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. வீட்டு உபயோகத்துக்கான குறிப்புகள் எழுதியவனின் வீட்டில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன என்று சொன்னால் போதும்.

வீட்டில் தொலைபேசி கிடையாது. மின்சாரம் உண்டு, மாலையில் பல்பு மஞ்சளாகச் சிறுத்துவிடும். அதனால் கணினி வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமைகளில் சோளக்காட்டில் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாமக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எழுதப்போகும் தளங்கள் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். அச்சில் வருவதற்குள் மூன்றில் ஒன்று காணாமல் போயிருக்கும்.

ஆரம்பத்தில் கட்டுரையை ஃபிளாப்பியில் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். நாமக்கல்லில் ஏஜென்ட் வாங்கிச் சேலத்துக்கு அனுப்பிவிடுவார். டிரைவர் பொறுப்பான மனிதர். வளைவுகளில் விழுந்துவிடக் கூடாது என்று, இருக்கிறதிலேயே பத்திரமான இடத்தில் வைத்தார்: ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாருக்கு அடியில். பிள்ளையாரின் பீடம் காந்தம். அலுவலகத்தில் திறந்தபோது ஃபிளாப்பியில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு தாளில் அச்செடுத்துத் தபாலில் போட ஆரம்பித்தேன்.

யாரோடும் பேசாமல் மூன்று நான்கு நாள் போய்விடும். வீட்டுக்காரர் மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயி. மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். வாடகை வாங்க வரும்போது கணினியை ஒரு பார்வை பார்ப்பார்.

“ஏஞ்சாமி, இந்தப் பொட்டி திருப்பிப் பேசுமா?”

“பேசாதுங்க.”

“அப்பறம் என்னத்துக்கு அது மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் குந்தியிருக்கறீங்க?”

வாடகையை எண்ணிக் கொடுப்பேன்.

வாசகர் கடிதங்களை அலுவலகத்தில் சேர்த்து வைத்து, மாதம் இரண்டு முறை பழுப்பு உறையில் அனுப்புவார்கள். ஒரு ஏப்ரல் மாத வியாழக்கிழமை வந்த உறைக்குள் ஓர் இன்லண்ட் லெட்டர் இருந்தது. கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன் தபால் முத்திரையைப் பார்ப்பது என் பழக்கம். எங்கள் மலையின் முத்திரை. அனுப்புநர் இடத்தில் பெயர் இல்லை. ஆசிரியர் வீடு, பள்ளிக்கூடத்துக்கு எதிரில் என்று மட்டும் எழுதி, ஊரைப் போட்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். கடிதம் மலையிறங்கிச் சேலம் போய், மறுபடி மலையேறி வர பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

எழுதியவர் ஒரு பெண். சமவெளியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் பள்ளி ஆசிரியர். வினாத்தாள் அடிப்பதற்காகப் பழைய கணினி ஒன்று வாங்கியிருந்தார். மதிய நேரங்களில் வீட்டில் யாரும் இல்லாதபோது இவர் அதில் தட்டச்சு பழகி, மலைக்கு வந்த பதினோரு வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியிருக்கிறார். ஒரு வருடத்தில் ஒன்பது கோப்புகள். யாரிடமும் சொல்லவில்லை. எங்கே வைத்தாலும் கணவர் கண்ணில் படும் என்பதால், எழுதி முடித்ததும் ரீசைக்கிள் பின்னில், அதாவது கணினியின் குப்பைத் தொட்டியில், போட்டு வைப்பார். அடுத்த மதியம் எடுத்துத் தொடர்வார். குப்பைக்குள் யாரும் கை விடமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

ஞாயிறுதோறும் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள், கணினி வேகமாகும் என்று நான் எழுதினேன். கணவர் அன்றே செய்துவிட்டார்.

கடிதத்தின் மீதியை அப்படியே தருகிறேன். “தவறிப்போய் அழித்துவிட்டால் உடனே கணினியை நிறுத்துங்கள், மேலே எதுவும் எழுதப்படாதவரை மீட்க வழியுண்டு என்று தைப் பொங்கலுக்கு முன் எழுதியிருந்தீர்கள். நிறுத்திவிட்டேன். ஓடவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பள்ளி விடுமுறை விட்டதும், இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை நாமக்கல்லுக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோகிறார். அங்கே எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுத் தருவார்களாம். பதிலைப் பத்திரிகையில் போட வேண்டாம், அவர் படிப்பார். வீட்டுக்கும் எழுத வேண்டாம். எப்படிப் பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.”

கடைசித் திங்களுக்கு நான்கு நாள் இருந்தது.

அழித்தது என் குறிப்பு, நிறுத்தி வைத்ததும் என் குறிப்பு. செய்தியில் பிழை வந்தால் அடுத்த நாள் திருத்தம் போடுவோம், ஒரு மூலையில் இரண்டு வரி. இதற்கு அப்படிப் போட முடியாது.

மறுநாள் நாமக்கல் போனேன். அழிந்த கோப்புகளை மீட்கும் சிறிய நிரல் ஒன்றை எந்தத் தளத்திலிருந்து எடுக்கலாம் என்று நானே ஒருமுறை எழுதியிருந்தேன். அந்தத் தளம் திறக்கவில்லை. தேடி இன்னொன்றைக் கண்டுபிடித்து இறக்கி, இரண்டு ஃபிளாப்பிகளில் பிரதி எடுத்தேன். மூன்றாவதாக ஒரு வெற்று ஃபிளாப்பி. திரும்பும்போது டிரைவர் வழக்கம்போல, “முன்னால குடுங்க சார், சாமிகிட்ட பத்திரமா வெச்சுக்கறேன்” என்றார். வேண்டாம் என்று எழுபது வளைவும் மடியிலேயே வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆசிரியர் வீட்டுக்கு நடந்தேன். பொய் சொல்லக் கூடாது, கடிதத்தைப் பற்றியும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கம்ப்யூட்டர் பகுதி எழுதுகிறவன், பக்கத்தில்தான் இருக்கிறேன், உங்கள் வீட்டில் கணினி இருப்பதாகத் தெரிந்து வந்தேன் என்றேன். எல்லாமே உண்மைதான்.

ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார். “அட, நீங்களா சார் அது? இதே மலையிலயா குந்தியிருக்கறீங்க? அமெரிக்காவுல இருந்து ஆரோ எழுதறாங்கன்னு பள்ளிக்கூடம் பூராச் சொல்லி வெச்சிருக்கறேன், என் மானம் போச்சு போங்க!” உள்ளே திரும்பி, “இந்தா கண்ணு, ஆரு வந்திருக்கறாங்கன்னு பாரு. நம்ம ஞாயித்துக்கிழமை வாத்தியாரு!”

அவர் மனைவி கதவருகே வந்து, “வாங்க” என்றார். அவ்வளவுதான். டீ வைக்கப் போய்விட்டார்.

ஆசிரியர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். என் பகுதிகளை வெட்டி, தேதிவாரியாக ஒட்டியிருந்தார். செய்து பார்த்த குறிப்புகளுக்கெல்லாம் சிவப்பு மையில் டிக் அடித்திருந்தார். நான் எழுதியதை யாரோ இப்படிச் சேர்த்து வைத்திருப்பதை அதற்கு முன் பார்த்ததில்லை. என்னிடமே பிரதிகள் கிடையாது. குப்பைத் தொட்டிக் குறிப்புக்கும் பெரிதாக ஒரு டிக்.

“நீங்க சொன்னா அப்படியே செஞ்சுபோடுவேனுங்க சார். காலி பண்ணுன்னீங்க, பண்ணினேன். மறுநாளே சிஸ்டம் படுத்துக்கிச்சு.”

“உள்ளே என்ன இருந்ததுன்னு பார்த்தீங்களா?” நிருபர்களின் கேள்வி, யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

“குப்பையில என்னங்க பாக்கறது? தொறந்துகூடப் பாக்கல.”

டீ டம்ளரை வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவில்லை. டம்ளர்களை நேராக அடுக்கினார். பிறகு கணவரிடம், “ஏனுங்க, வந்தவிங்களுக்கு வெறும் டீத்தண்ணியா குடுத்தனுப்பறது? மேக்காட்டு மரத்துல ஒரு பலா பழுத்து வாசம் வருது. அறுத்துட்டு வாங்களேன்” என்றார்.

“இப்பவா? சார் சிஸ்டம் பாக்கறப்பக் கூட இருந்து கத்துக்கலாம்னு இருந்தேன்.”

“நீங்க கத்துக்கறதுக்குள்ள கொரங்கு தின்னு முடிச்சிரும். போய்ட்டு வாங்க.”

ஆசிரியர் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். மேல்காட்டுக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும்.

அவர் மனைவி உள்ளே நிற்கவில்லை. வாசலில் பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். அதைக் கையால் கிளறியபடி, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்படி உட்கார்ந்து, சன்னல் வழியாகப் பேசினார்.

“லெட்டர் வந்துச்சுங்களா?”

“வியாழக்கிழமை.”

கணினியின் பின்புறம் பார்த்தேன். மின் வயர் அரை அங்குலம் வெளியே இழுக்கப்பட்டிருந்தது. எட்ட நின்று பார்த்தால் செருகியிருப்பதுபோலத்தான் தெரியும். “நீங்களா?” என்றேன்.

“ஆமாங்க. அவரும் பட்டனை அமுத்தி அமுத்திப் பாத்தாரு. பின்னால பாக்கல.”

வயரை அழுத்திச் செருகினேன். விண்டோஸ் எழுந்தால் அது தன் பாட்டுக்கு எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்; அழிந்த இடத்தின் மேலேயே எழுதிவிடலாம். அதனால் ஃபிளாப்பியிலிருந்தே கணினியைத் தொடங்கி, நிரலை ஓட்டினேன். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று தேடியது. பத்து நிமிடம் கழித்துக் கறுப்புத் திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. குப்பைத் தொட்டிக்குப் போகும் கோப்புக்கு அவர் வைத்த பெயர் இருக்காது, கணினி வைக்கும் எண்தான் இருக்கும். அழிக்கும்போது அதிலும் முதல் எழுத்து போய்விடும். ஒன்பது வரிகள், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு கேள்விக்குறி.

ஒவ்வொன்றாக வெற்று ஃபிளாப்பிக்கு மாற்றினேன். எட்டு வந்தன. ஏழாவது வரவில்லை, அதன் மேல் ஏற்கெனவே வேறு ஏதோ எழுதப்பட்டிருந்தது. ஞாயிறு காலிசெய்ததற்கும் திங்கள் வயரை இழுத்ததற்கும் நடுவில், ஆசிரியர் வினாத்தாள் அடித்திருக்க வேண்டும். மூன்று முறை முயன்றேன். சன்னல் வழியாகச் சொன்னேன்.

மிளகைக் கிளறும் கை நின்றது. “மத்ததெல்லாம் படிச்சீங்களா?”

“இல்லீங்க. இங்கே எழுத்தாகத் தெரியாது. புள்ளியும் கோடுமாகத்தான் வரும்.”

“பரவால்லீங்க. படிக்கறாப்புல ஒண்ணும் இல்ல.” மறுபடி மிளகைக் கிளறியபடி, “ஏழாவதுதானுங்க கொஞ்சம் நல்லா வந்திருந்துச்சு” என்றார்.

“மறுபடி எழுதலாம்.”

“எழுதலாம். அது வேறயால்ல இருக்கும்?”

பதினாறு வருடம் அடுத்தவர் எழுத்தை வெட்டியும் ஒட்டியும் இருந்தவன் நான். அவர் சொன்னது சரி என்று தெரியும். ஃபிளாப்பியைச் சன்னல் வழியாக நீட்டினேன். மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது, காந்தத்தின் பக்கம் வைக்க வேண்டாம், எழுதும்போது மட்டும் அதைத் திறந்துகொண்டு இனி எழுதுவதை இதிலேயே எழுதுங்கள் என்றேன். அதை மிளகு அளக்கும் படியில் போட்டு, மேலே இரண்டு கை மிளகை அள்ளிப் போட்டு மூடினார்.

ஆசிரியர் தோளில் பலாவோடு வந்தபோது திரையில் விண்டோஸ் வந்திருந்தது. “அட, ஓடுதே! என்ன சார் கோளாறு?”

“பின்னால் வயர் கழன்றிருந்தது.”

“வயரா? இதைத் தூக்கிக்கிட்டு நாமக்கல்லு வரைக்கும் போயிருந்தா என்னைய வெச்சு ஒரு வாரம் சிரிச்சிருப்பானுங்க.” மனைவியிடம் திரும்பி, “கூட்டறப்பத் தட்டி உட்டுட்டியா?”

“தட்டியிருப்பேன்” என்றார் அவர், பலாவுக்கு எண்ணெய் எடுத்தபடி.

மூன்று பேரும் சுளை தின்றோம். ஆசிரியர் நிறையப் பேசினார். அவர் மனைவி கொட்டைகளைத் தனியே சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடத்தில் நான் வேறு ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது அது ஒரு முறைதான்.

அடுத்த வாரப் பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்: குப்பைத் தொட்டியைக் காலி செய்யும் முன், வீட்டில் உள்ள மற்றவர்களிடம் கேட்டுவிடுங்கள். ஆசிரியர் அதற்கும் டிக் அடித்திருப்பார். கேட்டிருப்பாரா என்று தெரியாது.

அதன் பிறகு சோளக்காட்டுச் சந்தையில் ஆசிரியரை இரண்டு முறை பார்த்தேன். வீட்டுக்கு வரச் சொன்னார். போகவில்லை. போனால், அவர் மனைவியிடம் ஏழாவதை மறுபடி எழுதினீர்களா என்று கேட்கத் தோன்றும். அந்த வீட்டில் அதைக் கேட்க முடியாது.

ஐப்பசி மழையில் இரண்டு வாரம் பஸ் ஓடவில்லை. மழை விட்டு வந்த பழுப்பு உறைக்குள், எங்கள் மலை முத்திரையோடு ஒரு கவர் இருந்தது. முன்பு போலவே சேலம் போய்த் திரும்பியிருந்தது. நான் இருக்கும் இடம் இப்போது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த வழியாகவே அனுப்பியிருந்தார். உள்ளே அச்செடுத்த நான்கு தாள்கள். மேலே பேனாவால், “ஏழாவது. வேறு மாதிரிதான் வந்திருக்கிறது. ஒருவராவது படிக்கட்டும் என்று தோன்றியது.”

அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். பழக்கத்தில் பென்சிலைக் கையில் எடுத்தேன். இரண்டு முறை படித்தேன், எங்கும் பென்சில் படவில்லை. பதில் எழுத வழியில்லை. பிறகு, இந்தத் தாள்களை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மறைத்து வைக்க வேண்டிய அவசியம் அந்த வீட்டில் இல்லை. மேசைமேலேயே வைத்தேன். மாதக் கணக்கில் அங்கேயே இருந்தன, யாரும் தொடவில்லை.