வைன் பாட்டிலுக்குப் பொருத்தம் பார்த்தவள்

ஆக்லாந்தில் மனிதர்கள் ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். வைனுக்குத்தான் பொருத்தம் பார்க்கிறார்கள். கடை அலமாரியில் பாட்டிலுக்குக் கீழே ஒரு சின்ன அட்டை தொங்கும். இதை ஆட்டிறைச்சியோடு குடி, அதை மீனோடு குடி என்று சொல்லும். தோஷம் உண்டா என்பதை மட்டும் எழுதுவதில்லை.

அந்த அட்டைகளை எழுதும் வேலைக்கு நான் ஆசைப்பட்டேன். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு வைன் கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், எம்.ஏ. ஆங்கிலம் வரை படித்தவள், 'இந்தப் பக்கம் மேலே' என்று ஒட்டுவதற்கா விமானம் ஏறினேன்? அட்டை எழுதியவர் வேலையை விட்டதும் மேலாளர் ஹெலனிடம் நேராகப் போய்க் கேட்டேன். வெள்ளிக்கிழமை சோதனை என்றார். பக்கத்து வைஹேக்கி தீவில் விளைந்த சிரா, சிவப்பு வைன். ஆஸ்திரேலியர்கள் ஷிராஸ் என்கிற அதே திராட்சை. ருசித்துவிட்டு ஏற்ற சாப்பாட்டைச் சொல்ல வேண்டும்.

ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு ரானுயிக்குத் திரும்பினேன். அங்கே யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்கா வீட்டில்தான் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அன்று அவர் நண்டுக்கறி வைத்திருந்தார். சிவப்புக்குச் சிவப்பு சரியாகத்தான் இருக்கும் என்று ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறுதான். மேசையைத் தட்டினார்.

"ஐயோ பிள்ளை, வாய் எரியுது! தண்ணி கொண்டா!"

"நல்லா இல்லையாக்கா?"

"ஓம், ஆளைக் கொல்லுறதுக்கு நல்ல சாமான்."

பிறகு நான்கு நாள் இருவரும் பொருத்தம் பார்த்தோம். புளிக்குழம்போடு வைன் செத்துப்போனது. கருவாட்டோடு இரும்பை நக்கியது போலிருந்தது. கடைசியில் மிளகு மட்டும் போட்டு வறுத்த ஆட்டு ஈரலும் சுட்ட கத்தரிக்காயும் தேறின. அக்கா கிளாஸை மறுபடி நீட்டினார்.

வெள்ளிக்கிழமை சோதனைக்குக் கழுவிய கிளாஸ் ஒன்றுதான் இருந்தது. ஹெலன் ஒரு வாய் உறிஞ்சி, வைன் ருசிப்பவர்கள் வழக்கப்படி வாளியில் துப்பிவிட்டு, அதே கிளாஸை என்னிடம் தந்தார். எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு ஒரே சொம்பு. உதடு பட்டால் அம்மாவின் குட்டு உச்சந்தலையில் விழும். எம்.ஏ. படித்த மூளை யோசிப்பதற்குள் கை உயர்ந்துவிட்டது. அண்ணாந்து ஊற்றினேன். சொம்புக்கு இருக்கும் கழுத்து வைன் கிளாஸுக்கு இல்லை. பாதி வாய்க்குள், பாதி வெள்ளைச் சட்டையில்.

ஹெலன் என் சட்டையைப் பார்த்தார். "வைனில் காற்றுப் பட்டு மணம் எழக் குடிக்கும் முறையா?"

"ஆமாம்" என்றேன், கூச்சமே இல்லாமல்.

அவர் மரியாதையோடு குறித்துக்கொண்டார். பிறகு, "இதற்குக் காரமான கறி. சரிதானே? நீங்கள் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்" என்றார். தாளில் 'கறி' என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். இன்னொரு ஆமாம் போதும், வேலை என்னுடையது. என் முறையைப் பற்றிப் பொய் சொல்லலாம். என் நாக்கைப் பற்றி முடியாது.

"கூடாது. காரம் பட்டால் இந்த வைன் எரியும்."

"நீங்கள் இந்தியர்தானே?"

"அதனால்தான் தெரியும்."

டிபன் பாக்ஸைத் திறந்து ஈரலை நீட்டினேன். ஒரு துண்டு தின்றார், ஒரு வாய் குடித்தார். இந்த முறை துப்பவில்லை. மூன்றாவது துண்டுக்குப் பிறகு 'கறி'யை அடித்தார். திங்கட்கிழமை முதல் வேலை எனக்கு.

முதல் அட்டையின் அடியில் என் பெயரும் அச்சானது. படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். தம்பி அதை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிட்டான். அம்மாவுக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் என் பெயர் மட்டும், பாஸ்போர்ட்டில் பார்த்துப் பார்த்து, அடையாளம் தெரியும். அது என்ன அட்டை என்று தம்பியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வீடியோவில் அம்மா சாமி அலமாரியைக் காட்டினாள்.

"ஏம்மா, சந்தனம் உன் பேரு மேலதானே இருக்கு?"

பெயரின் மேலேதான் இருந்தது. ஒரு பக்கம் முருகன், மறு பக்கம் மாரியம்மன். நடுவில், சந்தனமும் குங்குமமுமாக, இந்தச் சிராவை ஈரலோடு குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டு நான்.