முகத்துவாரக்குப்பத்தில் படிக்காமல் தாண்டிய நான்கு வரிகள்

பதினான்கு வயதில் கைக்கு வந்த ஒரு பழைய நாவலை இதுவரை பதினோரு முறை படித்திருக்கிறேன். பெயர் வேண்டாம், சண்டை வரும். எண்ணூர் முகத்துவாரத்தில் விடிகிற காட்சியோடு தொடங்கும் கதை அது. அந்த விடியலை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை தனியாகக் கிளம்பினேன். பையில் அந்த நாவலும் இருந்தது.

ராயபுரம் நிலையத்தில் காலை ஐந்து பத்துக்கு ரயில். எண்ணூருக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், முப்பத்தைந்து நிமிடம். (இந்த ஊரில் ஐந்து ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கிறது?) திருவொற்றியூர் தாண்டியதும் காற்றின் வாசனை மாறும். பயப்பட வேண்டாம், பழகிவிடும். நிலைய வாசலில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"குப்பத்துக்கா? மீன் வாங்கவா, ரீல்ஸ் எடுக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"சும்மா பார்க்கத்தான்."

"பாக்கறதுக்கு இன்னா கீது? பொகபோக்கி கீது, பாத்துக்கோ."

ஆறே காலுக்குக் கரையில் நின்றேன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை விட்டுவிட்டால், எல்லாம் நாவலாசிரியர் எழுதியபடியே இருந்தது. தண்ணீரின் நிறம் ஈயத்திலிருந்து செம்புக்கு மாறுவதைக்கூடச் சரியாகச் சொல்லியிருந்தார். எனக்குக் கண் கலங்கியது.

ஏழு மணிக்கு ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. மொத்தம் ஆறு. பச்சைப் புடவை கட்டிய, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். முதல் படகின் கூடையிலிருந்து இரண்டு மடவை மீன்களை எடுத்து வாளியில் போட்டார். இரண்டாவதில் ஒரு கைப்பிடி காரப்பொடி மீன். மூன்றாவது படகுக்காரர் முதுகைக் காட்டி வலையை உதறிக்கொண்டிருந்தார். அவர் கூடையிலும் அந்தப் பெண் கையை விட்டார்.

இந்தக் காட்சி எனக்கு மனப்பாடம். நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு மீனவப் பெண் இப்படித்தான் படகு படகாகப் போவாள். அவளைத் திருடி என்றும், அவள் சாதிக்கே கை நீளம் என்றும், முதுகைக் காட்டி நிற்கிற படகுக்காரன் மடையன் என்றும் நான்கு வரிகள் வரும். பள்ளியில் அவளைப் போல நடித்துக் காட்டித் தோழிகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

"அண்ணா, உங்க கூடையிலேருந்து எடுக்கறாங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எட்த்தா இன்னாம்மா? அது அக்காவோட மீனு."

பக்கத்துப் படகிலிருந்து ஒருவர், "யக்கா, ஓடிப் போய்டு! பொண்ணு போலீஸக் கூப்டப் போவுது!" என்றார். கரையே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த இரண்டு மீனையும் திரும்பக் கூடையிலேயே போட்டார்.

"யக்கா, எட்த்துக்கோ. அது வெளியூரு பொண்ணு, இன்னா தெரியும் அதுக்கு?"

"வோணாம்டா. இன்னிக்கி இது போதும்."

அவர் தள்ளிப் போனதும் படகுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவருடைய கணவர் இந்தப் படகுகளில் போனவர், நான்கு வருடம் முன்பு கடலில் இறந்துபோனார். அன்றிலிருந்து, கரை ஏறும் ஒவ்வொரு படகிலும் அவர் வீட்டுக் குழம்புக்கு மீன் உண்டு. "கேட்டு வாங்குனா பிச்சையாப் பூடும். அதான் அவங்களே எட்த்துக்கணும். நாங்க அந்தாண்ட திரும்பி நின்னுக்குவோம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்டித்தான்."

நாவலாசிரியரும் இதே கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறார். எடுத்த கையையும் பார்த்தார், திரும்பிய முதுகையும் பார்த்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில் அந்த அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். போய், "தப்பா நெனச்சுட்டேன்க்கா, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"வுடு பாப்பா." நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த மீனை ஆய்ந்து வாளியில் போட்டுவிட்டு, "அது இன்னா புக்கு? வந்ததுலேர்ந்து அணைச்சிகினு கீறே?" என்றார்.

"இந்த ஊரைப் பத்தின கதைக்கா."

"எங்க ஊரா? படி, கேப்போம்."

விடியலைப் படித்தேன். கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஆமா, அப்டித்தான் இர்க்கும். கரீக்ட்டா எழுதிக்கீறாரு. எங்களப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

பக்கத்தைப் புரட்டினேன். "இல்லக்கா."

"பரவால்ல. கடல நல்லா பாத்துக்கீறாரு."

வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதில் இரண்டு படகு மீன்தான் இருந்தது. மீதி மூன்று படகுகளின் பக்கம் அவர் போகவேயில்லை.

புத்தகத்தைத் தூக்கிப் போட என்னால் முடியவில்லை. அலமாரியில்தான் இருக்கிறது. பன்னிரண்டாவது முறையாக இன்னும் எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஆறரைக்குள் போய்விடுங்கள், எட்டரைக்கு வெயில் ஏறிவிடும். தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள். மீன் வாங்குவதானால் ஏலம் முடியும்வரை பொறுங்கள். படகுகள் கரை ஏறும்போது படகுக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டால், நீங்களும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருங்கள்.