ஒரு ஜம்பரைக் கழற்ற செங்கல்பட்டிலிருந்து சாந்தோம் வரை

இந்த வலைப்பூவில் இதுவரை மலை, அணை, கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். இது வேறு மாதிரிப் பயணம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, மரம் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷினின் கண்ட்ரோல் போர்டை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குப் போய்வந்தேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பட்டறையில் அந்த மெஷினை ஆறு வருடம் ஓட்டியவர் என் நண்பர் ஸ்டீபன். அவசரத்துக்கு அழுத்தினால் எல்லாம் நின்றுவிட, அதில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. பட்டனுக்குப் போகும் ஒயர் லூஸாகி, மெஷின் காரணமே இல்லாமல் அடிக்கடி நின்றது. ஒயரை மாற்ற எனக்குப் பொறுமை இல்லை. போர்டில் அந்தப் பட்டனுக்கு உரிய இரண்டு பின்களின் மேல் ஒரு ஜம்பரை மாட்டிவிட்டேன். ஜம்பர் என்பது உளுந்து அளவு பிளாஸ்டிக் மூடி. உள்ளே இருக்கும் தகடு இரண்டு பின்களையும் இணைத்துவிடும். அதன்பின் பட்டனை அழுத்தினாலும் போர்டுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். ஸ்டீபனிடம் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் அவருடைய கையுறை கட்டரில் சிக்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

பதற்றத்தில் அவர் பட்டனை அழுத்தியிருக்க மாட்டார் என்று எல்லாரும் பேசினார்கள். விசாரிக்க வந்த தொழிற்சாலை ஆய்வாளர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஸ்டீபன் மட்டும் அழுத்தினேன் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

நான்கு மாதம் மெஷின் மூடியே கிடந்தது. தேவி என்ற பெண் திங்கட்கிழமை வேலைக்குச் சேர்வதாக இருந்தது. வேறு யாராவது போர்டைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அவரை அதன் முன் நிறுத்த எனக்குத் துணிவில்லை.

காலை 7.40 மின்ரயில். மாம்பலத்துக்கு டிக்கெட் 15 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். போர்டு கொண்டுபோகிறவர்கள் சாதாரண பாலிதீன் பையில் சுற்றாதீர்கள், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுத்துவிடும்; வெள்ளி நிறத்தில் அதற்கென்றே பை கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. உஸ்மான் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் ஜுபைதாவின் கடை. மெஷின் போர்டுகளை மட்டுமே பார்ப்பவர். வயது முப்பத்தைந்து இருக்கும்.

விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜம்பராகப் பார்த்தார். மோட்டார் எவ்வளவு நுணுக்கமாகத் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல மோட்டாருக்கு மூன்று ஜம்பர்கள். நான் கழற்றிய அவசரத்தில் ஒன்று விழுந்திருந்தது; அதை மாட்டினார். பிறகு இடுக்கியின் முனை ஓர் இடத்தில் நின்றது.

"இது யாரு சார் போட்டது?"

"நான்தான்."

"டெஸ்டிங்குக்கா?"

"இல்ல. ஓட்டுறதுக்கு."

"ஓட்டுறவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவருக்கு ரெண்டு விரல் போயிடுச்சு."

அவர் என்னைப் பார்க்காமலே மூடியைக் கழற்றினார். மேஜையில் இருந்த ஒரு பட்டனை இணைத்து அழுத்தினார். உடனே போர்டில் நிறுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று முறை செய்து காட்டினார்.

"போர்டுல ஒரு கோளாறும் இல்ல சார். இத நகத்தாலயே எடுத்திருக்கலாம். இதுக்குப் போயி இவ்ளோ தூரம் வந்தீங்களா?"

நாற்பது நிமிடம், 600 ரூபாய். மூடியைச் சின்னக் கவரில் போட்டுத் தனியாகக் கொடுத்தார். திரும்ப மாம்பலம் போய் ரயிலேறுவதுதான் திட்டம். கீழே வந்ததும் கால் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு ஆட்டோவை நிறுத்தி சாந்தோம் என்றேன்.

"மயிலாப்பூர் லஸ்ஸாண்ட மெட்ரோ வேலை நடந்துகினு கீது சார். சுத்திகினுதான் போவணும். நூத்தி எண்பது குடு."

ஆறு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். நான் பேரம் பேசவில்லை.

ஆறு வருடமும் அங்கிருந்துதான் ரயிலில் பட்டறைக்கு வந்துபோனார் ஸ்டீபன். அவர் வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடி. அவர் மனைவி ஜெசி, பள்ளி ஆசிரியை, கதவைத் திறந்தார். ஸ்டீபன் இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சி, சொல்லாம கொள்ளாம வந்துக்கீற?"

உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கவரை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"அன்னிக்கு இது போர்டுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நான் அழுத்தினேன்."

"அழுத்தின, ஸ்டீபன்."

"ரெண்டு தபா அழுத்தினேன்டா. போவப் போவ எனக்கே டவுட்டு வந்துச்சு. மெய்யாலுமே அழுத்தினேனா, இல்ல அழுத்தினதா நானே நெனச்சிக்கினேனான்னு." உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "ஜெசி! இங்க வா. இவன் இன்னா சொல்றான் கேளு. திரும்பச் சொல்லுடா."

திரும்பச் சொன்னேன். ஜெசி சுவரில் சாய்ந்துகொண்டார். "நானே அவர நம்பலண்ணா" என்றார். என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஸ்டீபன் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் இப்ப கேக்காத. நீ கெளம்பு."

கிளம்பினேன். மதியம் மூன்று மணி வண்டியில் ஊர் திரும்பினேன். மறுநாளே நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுக்கத் தயார் செய்தேன். திங்கட்கிழமை காலை அதைக் கொடுத்த பிறகே பட்டறையைத் திறந்தேன். ஒயரைப் புதிதாக மாற்றி, மரம் ஏற்றும் முன் தேவியையே பட்டனை அழுத்தச் சொன்னேன். மெஷின் நின்றது.

இதே வேலைக்காகச் சென்னை போகிறவர்களுக்கு: கழற்றும் முன் எல்லா ஜம்பர்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எது எதற்கு என்று தாளில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு முன் தி.நகரை விட்டு வெளியேறிவிடுங்கள், பிறகு நகர முடியாது. நிறுத்தும் பட்டனின் பின்களில் மூடி இருந்தால், போர்டை எங்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அங்கேயே எடுங்கள். மெஷின் முன் நிற்பவரிடம் அன்றே சொல்லுங்கள்.

ஸ்டீபன் இன்னும் என் போனை எடுப்பதில்லை. நான் போய்வந்ததற்கு அடுத்த வாரம் ஜெசிதான் ஒரு வரி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் நின்று, தான் பட்டனை அழுத்தியதை ஸ்டீபன் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னாராம்.

சொல்லட்டும்.