ராசு பேச்சை நிறுத்தியபோது

போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு சிறுதானியக் கடைக்குப் போயிருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதால் இனிமேல் காலையில் தினை உப்புமாதான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. கடைக்காரப் பெண் சாக்கின் வாயைப் பிரித்ததும் உமியும் தூசியும் கலந்த ஒரு வாசனை வந்தது பாருங்கள், பையை நீட்டியபடியே நின்றுவிட்டேன். எவ்வளவு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தினை என்பது கூண்டுக்குள் போகிற தீனி. இப்போது என் தட்டுக்கு வந்திருக்கிறது. அந்தப் பறவைகள் பார்த்தால் சிரித்திருக்கும்.

அந்த வேலையைப் பற்றி உங்களிடம் சொன்னேனா என்று நினைவில்லை. நாய், பூனை, மாடு தவிர மற்ற பிராணிகளுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சத்தி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டே அறை, ஒரே ஒரு டாக்டரம்மா. பி.காம். முடித்த கையோடு பில் போடுவதற்காகச் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முள்ளெலியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டப்படிப்பில் இதற்கு ஒரு பாடமும் வைக்கவில்லை. ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு அந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் என்னென்னவோ வளர்த்தார்கள். ஓணான் ஜாதியில் பச்சை இகுவானா, அணில் மாதிரி சட்டைப் பைக்குள் தூங்குகிற சுகர் கிளைடர், விரல் நுனியைக் கவ்விக்கொண்டு விடாத கிளிகள். எல்லாமே என்னைக் கடித்திருக்கின்றன. சொந்தக்காரர்கள் விசாரித்தால், பிள்ளை ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக மட்டும் அம்மா சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

இந்தப் பிராணிகளிடம் பொல்லாத குணம் ஒன்று உண்டு. நோவை வெளியே காட்டாது. காட்டில் எது சோர்ந்து தெரிகிறதோ அதைத்தான் மற்றது முதலில் அடிக்கும், அதனால் முடிகிறவரை நன்றாக இருப்பதுபோலவே நடிக்கும். ஒரு இளம் தம்பதி தங்கள் காக்கட்டீல் கிளி நன்றாகக் குண்டாகிவிட்டது என்று பூரிப்போடு கொண்டுவந்தார்கள், நகம் வெட்ட. காய்ச்சலில் குளிர் தாங்காமல் இறகை உப்பவைத்துக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்தபோது உள்ளே சதையே இல்லை, நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆனைமலைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் தென்னைக்கடியில் கிடந்த பெண் மயிலை வேட்டியில் சுற்றிக் கார் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஊசி போட எடுத்தோம். மயில் கழுத்தை நிமிர்த்தி எங்களையே பார்த்தது. நன்றாகத்தான் பார்க்கிறது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, உயிர் போய்விட்டது.

பிராணிகள் அப்படி என்றால் நம் ஊர் ஆட்கள் அவற்றுக்கு அண்ணன்கள். "எப்படிங்க இருக்குது?" என்று டாக்டரம்மா கேட்டால், "நல்லாருக்குதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நல்லாயிருந்தால் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள் என்று நாமும் கேட்க முடியாது. காப்பி குடித்தீர்களா, வெயில் எப்படி, எல்லாம் முடிந்து எழுந்துபோகிற நேரத்தில்தான் அது தின்றே நான்கு நாளாகிறது என்று சொல்வார்கள். இதைவிடப் பெரிய வம்பு கூண்டு. பறவைக்கு என்ன நோவு என்பதைக் கூண்டின் அடியில் விரித்த காகிதத்தில் பாதி தெரிந்துகொள்ளலாம். எச்சத்தின் நிறம், தண்ணீராகப் போகிறதா, தின்றதா கொறித்துத் துப்பியதா, எல்லாம் அதில் கிடக்கும். அதனால் கூண்டைக் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொல்வேன். ஒருவர்கூடக் கேட்டதில்லை. கூண்டு பளபளவென்று வரும். பறவை நெற்றியில் திருநீறுகூட இருக்கும்.

காரமடை ரங்கநாயகியம்மாவும் அப்படித்தான் வந்தார். கூண்டுக்குள் சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி, பெயர் ராசு. புதுக் காகிதம் விரித்து, கம்பியெல்லாம் துடைத்து, வெளியே கிளம்பும்போது கொல்லையில் கட்டுகிற சேலையை மாற்றிக்கொள்வதுபோலக் கூண்டையும் புதுசாக்கிக் கொண்டுவந்திருந்தார். இத்தனை தரம் சொன்னேனே என்றேன்.

"அடுத்தவீங்க எடத்துக்கு அழுக்கோட எப்புடிங்க வாரது?"

கூடவே அவர் வீட்டுக்காரர். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்துத் துளைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். பேச்சு கிடையாது. ஆனால் அவர் பேச்சு முழுதும் ராசுவிடம் இருந்தது. வீட்டில் அவர் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அது கேட்டுக் கேட்டுப் பிடித்துவைத்திருந்தது. அதே கனத்த குரல், இடையில் வருகிற செருமல் உட்பட. ஆபரேஷன் முடிந்து அவர் வீடு திரும்பிய பிறகும் சமையலறையில் இருக்கிற ரங்கநாயகியம்மாவை ராசு கூப்பிடுமாம். "அம்மிணி, காப்பி வெச்சாச்சா?" அந்தம்மா அங்கிருந்தே "வாரேனுங்க" என்று பதில் சொல்லிவிட்டு காப்பியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பாராம். அவரும் வாங்கிக்கொள்வாராம். அந்த வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ராசு பேசுவதில்லை. அதற்காக வரவில்லை, தின்பது குறைந்துவிட்டது என்றுதான் கொண்டுவந்தார்கள். பேச்சு எப்போது நின்றது என்று டாக்டரம்மா கேட்டார். அது ஆயிற்று ரெண்டு மாசம் என்றார் அந்தம்மா. அதில் அவருக்குக் கவலையே இல்லை. முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

"அவரு வாய் தொறக்கறதில்லைன்னு அதும் அடங்கிப்போச்சுங்க. மனுசரக்காட்டிலும் அதுக்குத்தானுங்க பாசம்."

டாக்டரம்மா கிளியின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. பறவைக்குக் குரல் பிறக்கிற இடம் நெஞ்சுக்குள், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது. பரிசோதித்ததில் அங்கே பூஞ்சை பிடித்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஆசையாகக் கொடுத்த நிலக்கடலையிலிருந்து வந்திருக்கும் என்றார். இந்த நோய்க்கு முதல் அடையாளமே குரல் போவதுதான் என்பதை அவர் மிக மெதுவாக, வார்த்தை தேடித் தேடிச் சொன்னார். பாசம் என்று நினைத்திருந்தது நோய் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? ரங்கநாயகியம்மா அப்போதும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

ராசுவை எங்களிடமே விட்டார்கள். புகைபோல மருந்து அடிக்கிற பெட்டிக்குள் காலையும் மாலையும் வைப்பேன். அந்தம்மாவின் வீட்டுக்காரர் தினமும் காரமடையிலிருந்து பஸ் பிடித்து வந்து பக்கத்தில் உட்காருவார். அவர் உதட்டை அசைத்து அதனிடம் ஏதோ சொல்வார், சத்தம் வராது. அது மூச்சுக்காக அலகைத் திறக்கும், அதிலும் சத்தம் வராது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். என்னால் அந்த அறையில் நிற்கவே முடியாது, பில் போடுகிற சாக்கில் வெளியே வந்துவிடுவேன். ஒரு மத்தியானம் அவர் விரலைக் காலால் பிடித்தபடியே ராசு செத்துப்போனது.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார், அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மூடுவதற்கு முன் ரங்கநாயகியம்மா ஒரு முறை வந்தார், டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்ல, பை நிறையத் தேங்காயோடு. போகிறபோது நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, அய்யா குரல் போனில் பதிவாகியிருக்குமே, கல்யாண வீடியோவெல்லாம் இருக்குமே என்றேன்.

"இருக்குதுங்க, நெறைய இருக்குது. அதெல்லாம் நானாப் போட்டாத்தானுங்க பேசும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பினார். "எதாச்சும் வேணும்னா அவரு கையத் தட்டுவாருங்க, நான் போயிருவேன். ஆனா அம்மிணின்னு இந்த ஒலகத்துல என்னைய யாரும் கூப்புடறதில்லீங்க இப்ப."