அவளுடைய ரவுட்டரில் நான் எழுதிய வரி

கரவெட்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை, கணினிகளை இணைக்கும் மூன்று பழைய ரவுட்டர்கள் இரைந்தபடி பிடித்துக்கொண்டிருந்தன. என்னோடு வேலை செய்த சிநேகிதி ஞாயிறுதோறும் பருத்தித்துறையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். வலையமைப்புப் பரீட்சைக்கு இருவரும் சேர்ந்து பழகினோம். அவளுடைய கணவர் கனடாவில் இருந்தார். விசா எந்நேரமும் வரலாம் என்பதால் தொலைபேசி முனகினாலே எழுந்துவிடுவாள். எனக்குக் காத்திருக்க எதுவும் இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அவள் போய்விட்டால் நான் தனியே என்ன செய்வேன் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ஐ.பி.எக்ஸ் என்ற பழைய முறையில் இரண்டு கணினிகளைப் பேசவைக்க வேண்டும். ஒரு முனை ரவுட்டர் அவளுடையது, மறுமுனை என்னுடையது. நடுவில் இருந்த ரவுட்டருக்கு அந்த முறை தெரியாது. அதன் ஊடாக ஒரு சுரங்கம் போட்டு, பழைய தகவலை இன்றைய உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும்.

“உதை இப்ப ஆர் பாவிக்கினம்?” என்றேன்.

“புத்தகத்திலை இருக்கெல்லோ. ஒண்டையும் விடேலாது,” என்றாள் அவள்.

பாதியில் அவளுக்கு அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே முற்றத்துக்குப் போனாள். ஐந்து நிமிடம்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுடைய ரவுட்டரில் நானே ஒரு வரியை எழுதினேன். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன்.

அவள் திரும்பி வந்தபோது சுரங்கம் எழும்பி இணைப்புக் கிடைத்தது, சில வினாடியில் அறுந்து விழுந்தது, மறுபடி எழும்பியது. அவள் தான் எழுதியதையெல்லாம் அழித்துத் திரும்ப எழுதினாள். என் வரி மட்டும் அவள் கண்ணில் படவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.

“பிள்ளை, உந்த இரைச்சலை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிடுங்கோவன்,” என்றார் அம்மா, குசினியிலிருந்து.

இரண்டு மணித்தியாலம் போனது. அவள் கண்ணைக் கசக்கியதைப் பார்த்தபின் சொன்னேன்.

“உதிலை ஒரு வரி நான் எழுதினது. நீர் வெளியிலை நிண்டனீர்.”

அவள் அந்த வரியைத் தேடிப் பார்த்தாள். சுரங்கத்தின் மறுமுனைக்குப் போகும் வழியே சுரங்கத்துக்குள்ளால்தான் என்று நான் எழுதியிருந்தேன். எழும்பிய உடனே அது தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டது.

“இவ்வளவு நேரமும் நான்தான் மடைச்சி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது.

வரியை அழித்தாள். மறுபக்கக் கணினியிலிருந்து பதில் வந்தது. இருவரும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். ஆனால் வெளியே போகும்போது தன் திரையைப் பூட்டிவிட்டுப் போனாள்.

பரீட்சைக்கு முன்பே விசா வந்து அவள் கனடாவுக்குப் போய்விட்டாள். கொழும்புக்கு நான் தனியே போய் எழுதினேன். பரீட்சையில் சித்தியடைந்தேன். பழைய முறை பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அதை அவளுக்கு எழுதினேன்.

“எனக்கும் அந்தப் புத்தகத்தை அனுப்பிவிடும்,” என்று பதில் வந்தது. “இஞ்சை சும்மா இருக்கேலாமல் கிடக்கு.”