கொக்குவிலுக்கு மூன்று மைல், பதுங்குகுழிக்கு முப்பது அடி

தைப்பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை உரும்பிராயிலிருந்து கொக்குவிலுக்குப் போய் வந்தேன். நமது கையெழுத்துப் பத்திரிகையை வாசிப்பவர்களில் மூன்று பேராவது வருகிற விடுமுறையில் அந்தப் பக்கம் போக இருக்கிறார்கள் என்று கேள்வி. போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எப்படிப் போகக்கூடாது என்று சொல்கிறேன். அதில் நான் இப்போது பண்டிதன்.

போனதற்குக் காரணம் இரண்டு. எட்டு மாதக் கர்ப்பிணியான அக்காவுக்கு அம்மா பயற்றம் பணியாரம் சுட்டுத் தந்தது வெளியில் சொல்லக்கூடிய காரணம். மற்றது என் முதுகில் கட்டியிருந்தது. நான்கரை அடிக் கொக்குப் பட்டம், அதன் தலையில் விண். (பட்டம் ஏற்றாத பாவிகளுக்காக: மூங்கில் வில்லில் பனை நாரை இழுத்துக் கட்டினால் காற்றில் அது கூவும். அதுதான் விண்.) கொக்கும் இருக்கிறது, வில்லும் இருக்கிறது, கொக்குவிலுக்குப் போகாமல் வேறெங்கே போவது? அந்தப் பனை நாரின் அகலத்தை ஒரு விரலுக்கு விட்டிருந்தேன். அகலம் கூடினால் அது கூவாது, உறுமும்.

பகல் 1.10க்குப் புறப்பாடு. வாடைக்காற்று பட்டத்தோடு சேர்த்து என்னையும் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போனது. கோண்டாவிலில் ரயருக்குக் காற்றடிக்க இரண்டு சதம். மூன்று மைல்தான், 1.50க்கு அக்கா வீட்டுக் குறுகிய ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டேன். கொக்குவில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருபவர்களுக்குக் கால் மைல்.

அந்த ஒழுங்கையைப் பற்றி நாலு வார்த்தை. முப்பது வருடத்துக்கு முன் அது புகையிலைத் தோட்டமாம். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு இரண்டு பரப்புக் காணி வாங்கி ஓட்டு வீடு கட்டினார்கள். வாசற் படலைகளில் ஈப்போ, தைப்பிங், சிரம்பான் என்று மலாயா ஊர்ப்பெயர்கள்; அக்கா வீடு ஈப்போ. தகப்பன்மார் பென்சனோடு வந்து சாய்மனைக் கதிரையில் உட்கார, மகன்மார் கப்பலேறிப்போய்த் தகப்பன் எழும்பிய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பத்தொன்பது வீடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் இங்கே, மற்றது அங்கே. இப்போது ஈப்போ ஜப்பான்காரனிடம் போய், கோலாலம்பூரும் போய்விட்டது. அக்காவைப் பிள்ளைப்பேற்றுக்கு இங்கே அனுப்பிவிட்டு ஈப்போ ஸ்டேஷனில் இருந்த அத்தானிடமிருந்து கார்த்திகைக்குப் பிறகு கடிதமே இல்லை. அந்த ஒழுங்கையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்கள், கடிதம் இருக்கிறதோ என்று.

அக்கா பணியாரத்தை வாங்கி வைத்தாள், தொடவில்லை. அத்தானின் தகப்பனாரை நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், கழுத்தில் விசில். சமையல் குசினிக்குப் பின்னால் தான் வெட்டுவித்த பதுங்குகுழியை எனக்குச் சுற்றிக் காட்டினார். நாலடி ஆழம், கணுக்கால் அளவு தண்ணீர்.

என் திட்டம் சின்னது. பின்பக்க வெறுங்காணியில் பட்டத்தை ஏற்றுவது. மாமா வெலவெலத்து அண்ணாந்து பார்ப்பார், கொக்கைக் காண்பார், அக்கா சிரிப்பாள். அவள் சிரித்து இரண்டு மாதம். 2.40க்கு நூலைப் பூவரசில் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு திரும்பி வந்தேன். மாமரங்களுக்கு மேலே உறுமல் தொடங்கியது.

மாமா அண்ணாந்து பார்க்கவேயில்லை.

"பிளேன்! இறங்குங்கோ குழிக்குள்ளை! ஒருத்தரும் மேலை பாராதேங்கோ!"

விசில் காதைக் கிழித்தது. பக்கத்து வீட்டிலும் விசில், அதற்கடுத்த வீட்டிலும். கதவுகள் அடிபட்டன, குழந்தைகள் கத்தின, ஒரு நிமிடத்தில் ஒழுங்கையில் நாய்கள் மட்டுமே மிச்சம். நான் குழிக்குள் அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் இருந்தேன். பக்கத்து வீட்டு வளவில் யாரோ முருகனைக் கூப்பிட்டார்கள்.

"மாமா, அது பிளேன் இல்லை. என்ரை பட்டம்."

"வாயை மூடு. உன்ரை பகிடிக்கு இதோ நேரம்?"

"சத்தியமாய், மாமா!"

"போனமுறையும் சத்தியம் பண்ணிப்போட்டுத்தான் என்ரை மூக்குக்கண்ணாடியை நாய்க்கு மாட்டினனீ."

உண்மைதான். நாய்க்கு அது எடுப்பாகவும் இருந்தது.

அக்கா என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் பல் கிடுகிடுவென்று அடித்தது. "தம்பி, அவருக்கும் இப்பிடித்தான் கேட்டிருக்குமோ?"

அதற்குப் பிறகு என் வயிற்றில் சிரிப்பு என்று ஒன்று இருக்கவில்லை.

"விடு அக்கா, அறுத்துப்போட்டு வாறன்."

"போகாதை! நீயும் போனால் நான் என்ன செய்வன்?"

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. பூவரசு முப்பது அடிதான். ஓடிப்போய்ப் பேனாக்கத்தியால் நூலை அறுத்தேன். உறுமல் ரயில் பாதைப் பக்கமாகத் தேய்ந்துபோனது. அப்போதுதான் பின்னால் "அம்மா!" என்று கேட்டது. அக்கா என்னைப் பிடிக்க ஏறி, சேற்றுப் படியில் சறுக்கி விழுந்துவிட்டாள்.

மருத்துவிச்சி வீடு அரை மைல். சைக்கிளை மிதிக்க மிதிக்க, படலைக்குப் படலை தலைகள். "தம்பி, போயிட்டுதோ?" "பட்டம்! என்ரை பட்டம்!" என்று கத்திக்கொண்டே போனேன். திட்டினார்கள். பிறகு சிரித்தார்கள்.

"விழுந்தாப் பிறகு பிள்ளை துடிச்சதோ?" என்று வீட்டுக்கு வந்ததும் மருத்துவிச்சி கேட்டார்.

"இல்லை," என்றாள் அக்கா.

மரக்குழாயை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றினார். இன்னும் மாற்றினார். நான் கதவு நிலையைப் பிடித்தபடி, மூச்சு விட்டால் அவருக்குக் கேட்காது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"கிடக்கு. நல்லாய் அடிக்குது. ஆனால் பிள்ளைப்பேறு வரைக்கும் இவ படுக்கையாலை எழும்பப்படாது."

மாமா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குப் பிளேன் உண்மையாய் வந்தால் இந்த ஒழுங்கை முழுக்கப் பட்டம் எண்டு கிடக்கும். உன்ரை அக்காவை ஆர் தூக்கிக் குழியிலை இறக்கிறது? நான் ஒருத்தன்."

4.15 முதல் 5.30 வரை மற்றப் பதினெட்டு வீடும் ஏறி இறங்கினேன். அடுத்தமுறை சத்தம் கேட்டால் ஓடி வாருங்கள், அக்காவைத் தூக்க ஆள் வேண்டும் என்று கெஞ்சினேன். "ஓம் ஓம்," என்று ஒருவர் முதுகில் தட்டினார், "இனி உறுமினால் உரும்பிராய்ப் பெடியன் எண்டு நித்திரை கொள்ளுவம்." எனக்குச் சோடா தந்தார்கள். அதை அப்படியே வைத்துவிட்டு அடுத்த படலைக்குப் போனேன்.

இதை எழுதும்போது பிள்ளை பிறக்கவில்லை, கடிதமும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு மூன்று மைல் போய், இருட்டுமுன் மூன்று மைல் வருகிறேன். போகப்போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். மத்தியானத்துக்கு முன் திரும்பினால் எதிர்க்காற்று குறைவு. கையில் கடதாசி எதையும் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்காதீர்கள். மாமரங்களுக்கு மேலே உறுமல் கேட்டால், யார் சிரித்தாலும், ஈப்போ என்று எழுதிய படலைக்குள் ஓடுங்கள். அங்கே தூக்கிக் குழியில் இறக்கவேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். அந்தச் சத்தம் என்னுடையதல்ல.