முகத்துவாரம் திறக்காதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்தக் கேள்வியானாலும் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடியிடம்தான் கேட்போம். சீக்கிரம் பூக்கும், சீக்கிரம் காய்க்கும் என்பதால் உலகம் முழுக்க அதையே ஆராய்ந்து தள்ளியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் அதன்மேல் ஓர் எரிச்சல். கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றினாலே சுருண்டுவிடுகிற ஒன்றிடம் போய், உப்பைத் தாங்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதனிடம் தெரிந்துகொண்டது மற்றக் குடும்பங்களுக்கும் பொருந்துமா என்று கீரை வகைகளில் பார்த்தோம். பாதி பொருந்தியது. கீரைக்குப் பங்காளி முறையில் உமரி என்றொரு செடி பழவேற்காடு ஏரிக்கரையின் உப்புச் சேற்றிலேயே வளர்கிறது. அதுவரை போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். தோணிரேவுப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை நான். அம்மா உப்புப் போடாமல் இறாலோடு வதக்கித் தந்த உமரியைத் தின்று வளர்ந்தவன். எனக்கு வேறு எந்தச் செடி தோன்றும்?

தொட்டியில் வைத்த உமரி நோஞ்சானாக நின்றதே தவிர விதை பிடிக்கவில்லை. அதனால் எங்கள் ஊர்க் கரையிலேயே செடிகளைத் தேர்ந்து, கண் வலிக்க வலிக்கப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்து, அடையாளத்துக்கு வலை நூலைக் கட்டினேன். “துன்ற கீரைக்கு இன்னாடா கல்யாணம் பண்ணி வெக்கிற?” என்று நைனா சிரித்தார். பச்சையாகப் பறித்தால் அந்த விதை முளைக்காது. முற்றிக் கைக்கு வராவிட்டால் பழையபடி கடுகுச் செடிக்கே திரும்பிவிடு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் மணல் ஏறி, ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வந்தால்தான் ஏரிக்கு இறால் வரும். இறால் படுகிற இடங்களில் நினைத்தவர் நினைத்தபோது வலை போட முடியாது. முறை வைத்துத்தான் போடுவார்கள், அதற்குப் பாடு என்று பெயர். நைனாவின் பாடு நெருங்கிக்கொண்டிருந்தது. முகத்துவாரம் அடைத்திருக்கும்போது முறை வந்தால் வெறும் வலையை நனைத்து எடுக்க வேண்டியதுதான். போன முறையும் அப்படித்தான் போயிருந்தது.

ஆனால் ஊரார் மணலை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால், கடல் பொங்கி ஓதம் ஏறும்போது உமரிக் கரை முங்கிவிடும். செடிக்கு ஒன்றும் ஆகாது, விதை போய்விடும். இன்னும் கொஞ்ச நாள் அடைத்தே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட கையோடு நைனாவிடம் போய், “எப்போ வெட்டப் போறாங்க?” என்று அக்கறையாகக் கேட்டேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. நைனாவுக்குத் தோள்பட்டையில் வலி, ஒரு கையைத் தூக்க முடியாது. எங்கள் வீட்டிலிருந்து போக நான்தான் இருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால், அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நிற்கிறார்.

“நீ வாணாம். நான் போறேன்.”

“இந்தத் தோள வெச்சினு இன்னா வெட்டுவ நைனா? குடு.”

“உன் செடி கீதேடா.”

ஓதத்தில் விதை போய்விடும் என்று நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வெட்டினேன். “படிச்சவன் மம்முட்டி புடிக்கிறதப் பாரு” என்று பக்கத்தில் ஒருவர் கேலி செய்தார், நானும் சிரித்து வைத்தேன். வெட்டிய வாய்க்காலில் கடல் தண்ணீர் நுழைந்தபோது எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். சந்தோஷத்தில்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் உமரிக் கரைக்குப் போனேன். ஓதம் ஏறி வடிந்திருந்தது. செடிகள் கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று நின்றன. நான் கட்டிய நூல்கூட அவிழவில்லை. நூலுக்கு மேலே காம்பு மட்டும் இருந்தது.

பின்னால் நைனா வந்து நின்றார். விடிந்தால் அவருடைய பாடு. வலி இல்லாத தோளில் வலை கிடந்தது.

“இந்தப் பக்கம் போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்டா, செடிய மிதிக்காம போங்கனு” என்றார். “தண்ணிகிட்ட சொல்ல முடியல.”